மான் வேட்டைக்கு எந்த ரைஃபிள் கார்ட்ரிட்ஜ் (தோட்டா) வாங்கலாம்? ஒஹாயோ காட்டுல எவ்ளோ தூரத்துல சுட வேண்டி வரும்?

பட்டினம்பாக்கம்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். கொலம்பஸ்ல இருக்கேன். ஆபீஸ்ல என் மேனேஜரோட மாமனாருக்கு ஏதென்ஸ் பக்கம் மலைக்காட்டுல கொஞ்சம் நிலம் இருக்கு, தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச அடுத்த திங்கக்கிழமை கன் சீசன் ஆரம்பிக்குதாம், வர்றியான்னு கேட்டாரு, நானும் ஒரு வேகத்துல சரின்னு சொல்லிட்டேன். துப்பாக்கி பிடிச்சதுனா காலேஜ்ல என்சிசில .22 சுட்டதோட சரி, அதுக்கப்புறம் தொட்டது கிடையாது.

இப்ப ரைஃபிள் வாங்கலாம்னு பாத்தா தலை சுத்துது. யூட்யூப்ல எவன பாத்தாலும் 400 யார்டு 500 யார்டுன்னு அளந்து விடறான். ஒருத்தர் 6.5 கிரீட்மூர்ங்கறார், இன்னொருத்தர் .308ன்னு சத்தியம் பண்றார், தாத்தா காலத்து 30-30 போதும்னு ஒரு குரூப்பு. மேனேஜர் மட்டும் .350 லெஜண்ட்னு ஒண்ணு சொல்றாரு, நான் கேள்வியே பட்டதில்ல. நிஜமா அந்த மாதிரி காட்டுல மான் எவ்ளோ தூரத்துல நிக்கும், அதுக்கு என்ன கார்ட்ரிட்ஜ் சரி? எனக்கு ஒல்லி உடம்பு, தோள்ல உதை கொஞ்சம் கம்மியா இருந்தா நல்லது.

லாங்ரேஞ்ச்_லோகு:

ப்ரோ யோசிக்கவே வேணாம், கண்ண மூடிட்டு 6.5 கிரீட்மூர் வாங்குங்க. உதை கம்மி, காத்துக்கு அவ்வளவா தள்ளாது, கடைக்கு கடை தோட்டா கிடைக்குது. 140 கிரெய்ன் (குண்டோட எடைக்கு அளவு) புல்லட் செகண்டுக்கு 2700 அடி கிட்ட போகும். நான் கொலராடோல வெச்சிருக்கேன், 300 யார்டுல மானுக்கு தாராளமா போதும். எல்லாம் ஒரே துப்பாக்கில முடிஞ்சிரும்.

ஹாக்கிங்_காட்டான்:

லோகு, துப்பாக்கில தப்பே இல்ல, ஆனா அவர் இருக்கறது ஒஹாயோ. இங்க மான் கன் சீசன்ல 6.5 கிரீட்மூர் எடுத்துட்டு போனா நேரா கேஸ்தான். .308, .270, 30-06, .243 எதுவும் ஆகாது. ஊரே மான் துப்பாக்கின்னு சொல்ற 30-30 கூட ஆகாது!

காரணம் இதான். இங்க ரைஃபிள்னா ஸ்ட்ரெயிட் வால் கார்ட்ரிட்ஜ் மட்டும்தான், குண்டோட விட்டம் .357 இஞ்ச்ல இருந்து .50 வரைக்கும். அதாவது பித்தளைக் கூடு அடியில இருந்து வாய் வரைக்கும் நேரா இருக்கணும், வாய்கிட்ட கழுத்து சுருங்கக்கூடாது. மேல சொன்னதெல்லாம் கழுத்து சுருங்கின வகை, உள்ள நிறைய மருந்து போட்டு சின்ன குண்ட வேகமா தள்றதுக்குன்னே செஞ்சது. நேரா இருக்கற கூட்டுல கனமான குண்டு மெதுவா போகும், சீக்கிரமா வேகத்த இழந்துரும். சோளக்காடும் வீடும் அடுத்தடுத்து இருக்கற மாநிலம், அதனால ரொம்ப காலம் ரைஃபிள் கிடையாது, ஷாட்கன் ஸ்லக் (ஒத்தப் பெரிய குண்டு) மாதிரிதான் விட்டிருந்தாங்க, 2014ல தான் இந்த வகை ரைஃபிளுக்கு அனுமதி வந்துச்சு. உங்க மேனேஜர் விவரமாதான் சொல்லியிருக்காரு பாஸ்.

.350 லெஜண்ட் (பேர்தான் .350, குண்டோட விட்டம் .357) 2019ல வின்செஸ்டர் கொண்டு வந்தது, நம்மள மாதிரி மாநிலங்கள மனசுல வெச்சேதான். 150 கிரெய்ன் புல்லட், கிளம்பும்போது செகண்டுக்கு 2325 அடி வேகம். எனர்ஜி குழல் வாயில 1800 ஃபுட் பவுண்ட் (மோதற சக்திக்கு அளவு), 200 யார்டு போனா 900 கிட்ட வந்துரும், அதாவது பாதி. மானுக்கு 1000 ஃபுட் பவுண்ட் வேணும்னு பழைய ஆளுங்க ஒரு கணக்கு சொல்வாங்க, அது ஒண்ணும் வேதவாக்கு இல்ல, ஆனா அந்த கணக்கு வெச்சாலும் 175 யார்டு வரைக்கும் வண்டி ஓடும்.

இப்ப தூரத்துக்கு வர்றேன். ஏதென்ஸ், ஹாக்கிங், விண்டன் பக்கம் மேடும் பள்ளமுமா ஓக் ஹிக்கரி காடு. டிசம்பர்ல இலை கொட்டிருக்கும், அப்பயும் மரத்துக்கு நடுவுல 80 யார்டு தெரிஞ்சாலே பெரிய விஷயம். நான் சுட்ட மான்ல பாதிக்கு மேல 60 யார்டுக்குள்ளதான். ரிட்ஜ் (மலை முகடு) மேல ஸ்டாண்ட் (உக்கார்ற மேடை) போட்டு எதிர் சரிவ பாத்துட்டு உக்காந்தா 120, 130 வரலாம். பவர் லைனுக்காக வெட்டின பாதை, அறுத்த சோள வயல், அந்த ஓரத்துல உக்காந்தாதான் 200ங்கற பேச்சே. வீடியோல பாக்கற 400 யார்டு எல்லாம் மேற்கு மாநிலத்து வெட்டவெளி, அவங்களுக்கு அது தேவை, நமக்கு எதுக்கு.

அதனால முதல்ல போய் அந்த நிலத்த ஒரு தடவ நடந்து பாருங்க, உக்காரப் போற இடத்துல இருந்து கண்ணுக்கு தெரியற கடைசி மரம் எவ்ளோ தூரம்னு ரேஞ்ச்ஃபைண்டர்ல அளங்க. அதுதான் உங்க தூரம். கார்ட்ரிட்ஜ் அதுக்கப்புறம்.

இன்னொண்ணு, மேகசின்லயும் சேம்பர்லயும் சேத்து மூணு ரவுண்டுக்கு மேல போடக்கூடாது, ஆரஞ்சு வெஸ்ட் கட்டாயம், அடுத்தவங்க நிலம்னா எழுத்துல பர்மிஷன் வாங்கி கையில வெச்சுக்கணும், மேனேஜரோட மாமனாரா இருந்தாலும் சரி.

லாங்ரேஞ்ச்_லோகு:

ஓ ஸ்ட்ரெயிட் வால் ஸ்டேட்டா, அப்ப என் துப்பாக்கி அங்க செல்லாது. ஆனா .350 எதுக்கு, .450 புஷ்மாஸ்டர் வாங்க சொல்லுங்க, 250 கிரெய்ன் குண்டு, 2200 அடி வேகம், மான் நின்ன இடத்துலயே படுத்துரும்.

ஹாக்கிங்_காட்டான்:

படுத்துரும், சுட்டவர் தோளும் கூடவே படுத்துரும். அவர் கேட்டதே உதை கம்மியா வேணும்னு. புது ஆளுக்கு .450 கையில குடுத்தா ரெண்டாவது ரவுண்டுலயே கண்ண இறுக்கி மூடி ட்ரிகர இழுக்க ஆரம்பிச்சுருவார், அந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சுன்னா விடுபடறது பெரும்பாடு. தோட்டா விலையும் அதிகம், விலை அதிகம்னா பயிற்சி கம்மி ஆகும். கரடி இருக்கற ஊர்ல இருந்தா சரி, இங்க 150 பவுண்டு மானுக்கு எதுக்கு அவ்ளோ. 45-70 வெச்சிருக்கறவங்களுக்கும் இதே பதில்தான், 1873லயே வந்த கார்ட்ரிட்ஜ், எனக்கும் ரொம்ப பிடிக்கும், ஆனா முதல் துப்பாக்கியா வேணாம்.

கெர்வில்_குமரன்:

டெக்ஸாஸ்ல இருந்து எழுதறேன், இங்க அந்த நேர் கூடு சட்டம் எல்லாம் கிடையாது. ஹில் கன்ட்ரில எங்க வொயிட் டெயில் (வெள்ளை வால் மான்) சைஸ் சின்னது, .243 100 கிரெய்ன் போட்டு குழந்தைங்களே அடிக்கறாங்க. பிளைண்ட்ல (மறைவா உக்கார்ற குடில்ல) உக்காந்தா மக்காச்சோளம் கொட்டற ஃபீடர் 80, 100 யார்டுல இருக்கும், அதுக்கு என்ன துப்பாக்கி வெச்சா என்ன. தெற்க போனா கதை வேற, முள்ளுக்காட்டுக்கு நடுவுல நேர்க்கோடா வெட்டி விட்ட பாதையில 250, 300 யார்டுல மான் சட்டுனு குறுக்க வந்து நிக்கும், நாலு செகண்டு டைம் குடுக்கும். அங்க .270 வெச்சிருக்கறவங்க பொழப்பு சுலபம், 130 கிரெய்ன் 3060 அடி வேகத்துல போகும், 200ல குண்டு நடுப்புள்ளில விழற மாதிரி ஸ்கோப்ப செட் பண்ணிட்டா (ஜீரோ) 300ல ஆறேழு இஞ்ச்தான் இறங்கும். 1925ல வந்த கார்ட்ரிட்ஜ், இன்னும் அதுக்கு மவுசு குறையல.

நம்மூரு புள்ளிமான் இங்க கூட்டம் கூட்டமா திரியறது தெரியுமா? 1932ல கொண்டு வந்து விட்டது, ஆக்ஸிஸ்னு சொல்வாங்க. வெளிநாட்டு விலங்குங்கற கணக்குல வருது, அதனால அதுக்கு சீசனே கிடையாது, லைசென்ஸும் நில ஓனர் அனுமதியும் இருந்தா வருஷம் முழுக்க சுடலாம். கிண்டில வேலிக்கு வெளிய நின்னு பாத்தவன், 1972 சட்டம் வந்தப்புறம் ஊர்ல தொட்டாலே ஜெயில்னு தெரிஞ்சு வளந்தவன், அதே மான இங்க ஸ்கோப்புல பாக்கறப்போ கை கொஞ்சம் தயங்கும். வொயிட் டெயில விட உடம்பு கனம், தோலும் தசையும் இறுக்கம், அதுக்கு .243 வேணாம், 7எம்எம்-08 இல்லன்னா .308 150 கிரெய்ன் எடுத்துக்கறேன். கறி மட்டும் சொல்லவே வேணாம், கவிச்சி வாடையே இருக்காது.

அமைதிப்புறா:

இவ்ளோ சம்பாதிச்சு அங்க போய் ஒரு வாயில்லா ஜீவன கொல்றதுக்கு இத்தன கணக்கா? கடையில கறி கிடைக்கலயா உங்களுக்கு?

ஹாக்கிங்_காட்டான்:

அம்மா / ஐயா, கடைக்கறியும் ஒரு ஜீவன்தானே. இங்க ஓநாயும் இல்ல மலைச்சிங்கமும் இல்ல, மான் பெருகி ரோட்ல கார்ல அடிபட்டு சாகுது, காட்டுல கன்னு மரம் ஒண்ணு எழும்ப விட மாட்டேங்குது. பிடிக்கலன்னா தப்பில்ல, தனியா ஒரு திரி ஆரம்பிங்க, அங்க வந்து பேசறேன். இங்க அவர் கேட்டதுக்கு பதில் சொல்லிட்டு போறோம். ஒழுங்கா கணக்கு போட்டு சுட்டாதான் அது துடிக்காம சாகும்.

ஸ்காபரோ_அண்ணை:

நான் இஞ்ச ஒன்டாரியோவில இருக்கிறன் தம்பி. எங்கட தெற்குப் பக்கத்திலயும் கனக்க இடங்களில மான் சீசனுக்கு ரைஃபிள் விடமாட்டினம், ஷாட்கன், மசில்லோடர் (குழல் வாயால மருந்து அடைக்கிற துவக்கு), வில்லு அவ்வளவுதான். அதால 12 கேஜ் ஸ்லக்கோடதான் நான் பழகினது. சாதாரண வழுவழுப்பான பரலில ரைஃபிள்ட் ஸ்லக் போட்டால் 75 யார் மட்டும் நம்பலாம், அதுக்கு மேல குண்டு தன்ர பாட்டுக்கு போகும். உள்ளுக்கு சுருள் வெட்டின பரல், சாபோ ஸ்லக் (பிளாஸ்டிக் உறைக்குள்ள இருக்கிற ஸ்லக்), மேல ஒரு ஸ்கோப், இதெல்லாம் போட்டால் 150 மட்டும் ஏலும். ஆனா அந்த உதை இருக்கே, பெஞ்சில இருந்து அஞ்சு ரவுண்ட் அடிச்சால் பின்னேரம் தோள்ல நீலம் பாரிச்சிருக்கும். உங்களுக்கு .350 வாங்க சட்டம் இடம் குடுத்தால் வாங்குங்கோ, ஸ்லக்கோட மினக்கெடாதேங்கோ.

ஒண்டு சொல்லுறன், துவக்கு எதுவெண்டாலும் பெஞ்சில வைச்சு சுடுறதை நம்பி காட்டுக்க போகாதேங்கோ. ஒரு பேப்பர் பிளேட்டை 50 யாரில வைச்சு நிண்டு சுட்டுப் பாருங்கோ, பிறகு முழங்காலில இருந்து, பிறகு மரத்தில சாஞ்சு. மானின்ர நெஞ்சுப் பகுதி, இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம், எட்டு இஞ்ச் வட்டம், அந்த பிளேட் அளவுதான். எந்தத் தூரத்தில எல்லாக் குண்டும் பிளேட்டுக்குள்ள விழுறதோ அதுதான் உங்கட எல்லை. பெட்டியில என்ன எழுதியிருந்தாலும் அது உங்களுக்கில்லை.

பட்டினம்பாக்கம்_பையன்:

அடேங்கப்பா, இவ்ளோ விவரம் எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. காட்டான் அண்ணா, .350 லெஜண்ட்தான்னு முடிவு பண்ணிட்டேன், போல்ட் ஆக்‌ஷன். ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ஸ்கோப்ப 100 யார்டுக்கு செட் பண்றதா 50க்கா 200க்கா, இது எனக்கு சுத்தமா புரியல. ரெண்டு, நான் எச்1பில இருக்கேன், துப்பாக்கி வாங்கவே முடியாதுன்னு ரூம்மேட் பயமுறுத்தறான், நிஜமா?

விஸ்கான்சின்_வாத்தியார்:

எச்1பி விஷயத்துக்கு நான் சொல்றேன், இத முதல்லயே யாராவது கேட்டிருக்கணும். உங்க ரூம்மேட் சொன்னது பாதி நிஜம். ஃபெடரல் சட்டப்படி எச்1பி, எச்4, எஃப்1 மாதிரி நான் இமிகிரண்ட் விசால இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கக்கூடாது, வாங்கறது மட்டும் இல்ல, ஃபிரண்டோடத கையில வாங்கி ரேஞ்ச்ல சுடறதும் அதுல மாட்டும். ஆனா விதிவிலக்கு இருக்கு, அதுல முக்கியமானது ஏதாவது ஒரு மாநிலம் குடுத்த செல்லுபடியாகற ஹண்டிங் லைசென்ஸ். அது கையில இருந்தா வாங்கலாம், வெச்சிருக்கலாம்.

அதனால வரிசை ரொம்ப முக்கியம். முதல்ல ஹண்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிங்க, அடுத்து லைசென்ஸ், அதோட மானுக்கு தனி பெர்மிட், அப்புறம்தான் கடைப்பக்கமே போகணும். கடையில 4473னு ஒரு ஃபாரம் குடுப்பாங்க, அதுல விசா கேள்வி இருக்கும், உண்மைய எழுதி லைசென்ஸ் காப்பி குடுங்க, பொய் எழுதினா அது தனி குத்தம். லைசென்ஸ் காலாவதி ஆகற தேதிய போன்ல ரிமைண்டர் போட்டு வெச்சுக்கோங்க, அது முடிஞ்ச மறுநாள் உங்க அலமாரில துப்பாக்கி இருந்தா அந்த விதிவிலக்கு உங்கள காப்பாத்தாது. கிரீன் கார்டு வந்துட்டா இந்த தலைவலி கிடையாது. விசா ஸ்டேட்டஸோட விளையாட வேணாம், ஒரு தடவ வக்கீல் கிட்டயும் கேட்டுருங்க, ஃபீஸ் போனா போகட்டும்.

எங்க பக்கம் ரைஃபிள் எது வேணும்னாலும் எடுக்கலாம், இருந்தும் வடக்குக் காட்டுல பாதிப்பேர் தாத்தாவோட 30-30 லீவர் ஆக்‌ஷன்தான் தூக்கிட்டு போறாங்க. 1895ல வந்த தோட்டா, 100 யார்டுக்குள்ள மானுக்கு இன்னிக்கும் ஒரு குறையும் இல்ல. தம்பி வாங்கப்போற .350 வேலையும் ஏறக்குறைய அதேதான், கூட்டோட வடிவம்தான் சட்டத்துக்கு ஏத்த மாதிரி மாறியிருக்கு.

ஹாக்கிங்_காட்டான்:

வாத்தியார் சொன்னது நூத்துக்கு நூறு, நான் விசா பத்தி யோசிக்கவே இல்ல.

ஜீரோ விஷயம். குண்டு கிளம்பின உடனே விழ ஆரம்பிக்குது, ஸ்கோப் பேரலுக்கு ஒன்றரை இஞ்ச் மேல இருக்கு, அதனால பேரல லேசா மேல தூக்கி வெச்சு குண்ட நம்ம பார்வைக் கோட்ட தாண்டி மேல அனுப்பி திரும்ப கீழ இறங்க விடறோம், அவ்ளோதான் ஜீரோங்கறது. .350 லெஜண்ட் 150 கிரெய்ன 100 யார்டுல நடுப்புள்ளில வெச்சீங்கன்னா 150ல ரெண்டரை இஞ்ச் கீழ, 200ல எட்டு இஞ்ச் கீழ போகும். எட்டு இஞ்ச்னா நெஞ்சுக்கு நடுவுல வெச்சது காலுக்கு போகும், மான் நொண்டிட்டு போய் எங்கயோ சாகும், கேவலம். அதையே 100ல ரெண்டு இஞ்ச் மேல விழற மாதிரி வெச்சா 150ல கிட்டத்தட்ட நடுவுல, 200ல நாலு இஞ்ச் கீழ. 175 வரைக்கும் எந்தக் கணக்கும் போடாம நெஞ்சுக்கு நடுவுல வெச்சு அமுக்கலாம், அந்த எட்டு இஞ்ச் வட்டத்துக்குள்ளயே இருக்கும். 200ங்கறது வட்டத்தோட ஓரம், அங்க நான் சுட மாட்டேன், நீங்களும் வேணாம். இது தோட்டாவுக்கு தோட்டா, பேரலுக்கு பேரல் கொஞ்சம் மாறும், அதனால சீசனுக்கு எத வாங்கப் போறீங்களோ அதையே ரேஞ்சுக்கும் வாங்குங்க, வேற டப்பால ஜீரோ பண்ணிட்டு வேற டப்பா எடுத்துட்டு போற ஆளுங்கள வருஷா வருஷம் பாக்கறேன்.

அப்புறம் ஸ்கோப் மேக்னிஃபிகேஷன். 3-9 (மூணுல இருந்து ஒம்பது மடங்கு வரைக்கும் பெருசா காட்டறது) வாங்குங்க போதும், காட்டுல உக்காரும்போது 3லயே விட்டு வைங்க. புது ஆளுங்க எல்லாம் 9ல திருகி வெச்சிருப்பாங்க, மான் 30 யார்டுல வந்து நிக்கும், ஸ்கோப் முழுக்க பழுப்பு முடிதான் தெரியும், முன்னாடியா பின்னாடியான்னே தெரியாது. தூரத்துல வந்தா திருகிக்க நேரம் இருக்கும், பக்கத்துல வந்தா இருக்காது.

மான் பக்கவாட்டா நிக்கணும், இல்ல லேசா நமக்கு முதுக காட்டி திரும்பியிருக்கணும். முன்னங்காலுக்கு ஒட்டி பின்னால, உடம்போட கீழ இருந்து மூணுல ஒரு பங்கு உயரம். நேரா நம்மள பாத்து நின்னா விட்டுருங்க. பின்னால மண்ணு மேடு இருக்கணும், வெறும் வானம் தெரிஞ்சா சுடவே கூடாது. அடிபட்டாலும் 50, 100 யார்டு ஓடும், பதறி பின்னாலயே போகாதீங்க, அரை மணி நேரம் உக்காந்து இருங்க, அப்புறம் இறங்கி ரத்தம் பாத்துட்டே போங்க. ட்ரீ ஸ்டாண்ட்னா ஹார்னஸ் மாட்டாம ஏறக்கூடாது, இங்க துப்பாக்கிய விட மரத்துல இருந்து விழறதுதான் எனக்கு பெரிய பயம்.

கெர்வில்_குமரன்:

கறிய பத்தி யாரும் பேசலயே. ஈயக் குண்டு எலும்புல பட்டா பொடிப்பொடியா செதறும், காயத்துல இருந்து தள்ளி தள்ளி எல்லாம் போயிருக்கும், கண்ணுக்கு தெரியாது. 2008ல நார்த் டகோட்டால தானமா வந்த மான்கறில ஈயத் துகள் இருக்குன்னு ஃபுட் பேண்ட்ரில (ஏழைங்களுக்கு இலவசமா சாப்பாட்டு சாமான் குடுக்கற இடம்) இருந்து தூக்கிப் போட சொன்னாங்க. வீட்ல சின்னப் பசங்க இருந்தா முழு செம்பு புல்லட் கிடைக்குதான்னு கேளுங்க, விலை கூட, ஆனா செதறாது. இல்லன்னா காயத்த சுத்தி தாராளமா வெட்டி எறிஞ்சிருங்க, ரெண்டு கிலோ போனா போகுது.

விஸ்கான்சின்_வாத்தியார்:

அதோட சிடபிள்யூடி (க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்). மானோட மூளைய அரிக்கற நோய், எங்க மாநிலத்துல 2002ல கண்டுபிடிச்சாங்க, ஒஹாயோ காட்டு மான்லயும் 2020ல வந்துருச்சு. மனுஷனுக்கு பரவினதா இதுவரைக்கும் ஆதாரம் இல்ல, ஆனா நோய் உள்ள மான சாப்பிட வேணாம்னுதான் சிடிசி (அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு அமைப்பு) சொல்லுது. சமைச்சாலும் அது போகாது. தலைய டெஸ்டுக்கு குடுத்துட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் கறிய ஃப்ரீசர்ல வைங்க. அதுக்கு முன்னாடி வீட்ல கேட்டாங்கன்னு குழம்பு வெச்சுராதீங்க.

பட்டினம்பாக்கம்_பையன்:

கோர்ஸுக்கு இப்பவே ரெஜிஸ்டர் பண்ணிட்டேன். துப்பாக்கி கடைக்கு இந்த வாரம் போறதா இருந்தேன், அத தள்ளி வெச்சுட்டேன், லைசென்ஸ் வரட்டும். மேனேஜர் கிட்ட ஸ்டாண்ட் எங்கன்னு கேட்டேன், ஓடைக்கு மேல ஒரு மேட்டுல, அதிகபட்சம் 90 யார்டுதான் தெரியுமாம். ஸ்காபரோ அண்ணை, பேப்பர் பிளேட் ஒரு கட்டு வாங்கிட்டேன், ஆனா லைசென்ஸ் வர்ற வரைக்கும் அதுல இட்லிதான்.

ஸ்காபரோ_அண்ணை:

90 யார் எண்டால் சுருள் பரலில சாபோ ஸ்லக்கே போதும் தம்பி, .350 தாராளம். கையுறை போட்டுக்கொண்டு ட்ரிகர் இழுத்துப் பழகுங்கோ, டிசம்பர் குளிரில வெறுங்கையோட ஏலாது.